பட்டா உள்ளவருக்கே வாக்கு: சென்னை மாகாணத்தின் 1920 தேர்தல்

(மீஞ்சூர் நூலக வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1920ஆம் ஆண்டு, நவம்பர் மாதம் 30ஆம் நாள். அன்றைக்குத்தான் சென்னை மாகாணத்தின் சட்டசபைக்கு, மக்கள் நேரடியாக வாக்களித்துப் பெரும்பான்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் நடந்தது. கோட்டைக்குள் ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும் மட்டும் ஆண்டுகொண்டிருந்த காலம் போய், நம்மவர்கள் அமைச்சர்களாக அமர்வதற்கு வழி திறந்த நாள் அது. வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பெரிய மாகாணம். இந்த மீஞ்சூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி தாலுகாவில் இருந்தது.

இந்தத் தேர்தலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் என்ன படித்திருக்கிறோம்? நீதிக்கட்சி வென்றது. 98 தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் 63 இடங்கள். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். அவ்வளவுதான். நாம் படித்ததெல்லாம் முடிவை. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த வாக்காளர் பட்டியலை யாராவது நமக்குக் காட்டினார்களா? யார் யார் பெயர் அதில் இருந்தது? யார் யார் பெயர் இல்லை? இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஏனென்றால், 1920 தேர்தலின் பாதி முடிவு நவம்பர் 30ஆம் தேதி எழுதப்படவில்லை. பட்டியல் தயாரான அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பதிவான வாக்காளர்கள் 12,48,156 பேர். வந்து வாக்களித்தவர்கள் 3,03,558 பேர். மாகாணத்தின் மக்கள்தொகை எவ்வளவு? அடுத்த ஆண்டு, 1921இல் எடுத்த கணக்கின்படி நாலே கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது நூறு பேர் நின்றால், அதில் மூன்று பேருக்குத்தான் வாக்குரிமை. அந்த மூன்று பேரிலும் முழுசாக ஒருவர்கூட வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. ஏறத்தாழ 140 பேருக்கு ஒருவர் வாக்களித்தார். அந்த ஒருவர் போட்ட வாக்கில்தான் நம் மாகாணத்தின் முதல் அமைச்சரவை உருவானது.

இதைச் சொல்வது அந்த அமைச்சரவையைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. அவர்கள் செய்த காரியங்களை மதிக்கிறவன் நான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மூன்று பேர் யார் என்று பார்ப்போம்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். மாண்டேகு, செம்ஸ்போர்டு என்ற இருவர் பெயரால் நாம் அறிந்த சீர்திருத்தம். யாருக்கு வாக்கு கொடுப்பது என்று முடிவு செய்ய சவுத்பரோ பிரபு தலைமையில் ஒரு குழு வந்தது. ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. கடைசியில் வாக்குரிமையைச் சொத்தோடு கட்டிவைத்தார்கள். கிராமத்தில் என்றால் நிலம் வேண்டும். அந்த நிலத்தின் ஆண்டு வருமான மதிப்பு பத்து ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நகரத்தில் என்றால் வீட்டு வரியோ தொழில் வரியோ குறிப்பிட்ட அளவுக்குக் கட்டியிருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவருக்கு உண்டு. ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு இல்லை.

இந்த விதியை நம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றுப் பாய்ச்சலில் நஞ்சை வைத்திருந்த மிராசுதாருக்கு வாக்கு உண்டு. அவர் நிலத்தில் விடியற்காலை ஏர் பூட்டி, பொழுது சாய்ந்து திரும்பிய படியாளுக்கு? இல்லை. கூலியாக நெல்லை அளந்து வாங்கியவன் அவன். அவன் பெயரில் ஒரு குழி நிலமும் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் வலை வீசிய மீனவருக்கு? இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் யார் பட்டா கொடுப்பார்கள்? உப்பளத்தில் கால் வெடிக்க வெடிக்க உப்பு வாரிய தொழிலாளிக்கு? இல்லை. சரி, சொந்தப் பெயரிலேயே பத்துக் காணி வைத்திருந்த ஒரு கைம்பெண்ணுக்கு? தீர்வை கட்டியவர், கிஸ்து ரசீதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர், அவருக்காவது உண்டா? அவருக்கும் இல்லை. அவர் பெண்.

பொறுமையாகக் கேளுங்கள், தோழர்களே. இங்கேதான் செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் இருந்தால் வாக்கு என்று சட்டம் சொன்னது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். உழைத்துச் சேர்த்து நிலம் வாங்கினால் வாக்கு வந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்களுக்கு நிலம் கிடைக்க வழி இருந்ததா?

1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்தவர் ட்ரெமென்ஹீர். அவர் சேரிச் சேரியாக விசாரித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் கண்டது என்ன? சேரியில் குடிசை போட்டிருக்கும் மனையே மிராசுதாருடையது. கோபம் வந்தால் குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். கிராமத்தில் தரிசு நிலம் சும்மா கிடக்கும். அதைக் கேட்டு ஓர் ஏழை தர்க்காஸ்து கொடுத்தால், மிராசு பாத்தியதை என்ற ஒன்றைக் காட்டி ஊர்ப் பெரியவர்கள் குறுக்கே நிற்பார்கள். முன்னுரிமை அவர்களுக்கு. தைரியமாகக் கேட்டவன் மறுநாள் வேலை இழப்பான், அல்லது வீட்டை இழப்பான். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்றும் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறோமே, அதன் தொடக்கம் நம்முடைய இந்த மாவட்டம்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1892க்கு முன்பு நிலம் கேட்கத் தடை. பின்பு காகிதத்தில் நிலம், கையில் பாதிகூட இல்லை. 1920இல் சட்டம் வந்து சொல்கிறது, பட்டா உள்ளவருக்கே வாக்கு என்று. பட்டாவை மறுத்தவர்கள் எவரோ, அவர்களே வாக்கையும் மறுத்தவர்கள் ஆகிவிட்டார்கள். சாதியின் பெயரைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தீர்வைக் கணக்கே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்கள். 127 பேர் கொண்ட சபையில் 29 பேர் நியமனம். அதில் ஐந்து இடங்கள் பறையர், பள்ளர், வள்ளுவர், சக்கிலியர், மாலா, மாதிகா முதலிய ஒன்பது சாதியினருக்கு. கவனியுங்கள். இந்த ஐந்து பேரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த மக்களா? இல்லை. ஆளுநர் தேர்ந்தெடுத்தார். ஜமீன்தார்களுக்கும் பெரிய நிலவுடைமையாளர்களுக்கும் தனித் தொகுதி இருந்தது. தோட்ட முதலாளிகளுக்கு இருந்தது. வணிகர் சங்கங்களுக்கு இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. அவர்களெல்லாம் வாக்களித்து ஆளை அனுப்பினார்கள். உழைக்கிற லட்சக்கணக்கான மக்களுக்கு மட்டும் நியமனம்.

ஆனாலும் அந்த நியமன நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா. அந்தச் சபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் முதல் குரல். தமக்கு வாக்களித்தவர் ஒருவரும் இல்லாத நிலையிலும், ஓட்டு வாங்கி வந்தவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று கேட்டார். பிறகு வந்தார் நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோவையிலிருந்து வீரையன் வந்தார். இவர்களுடைய முயற்சியால் 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லோருக்கும் உரியது என்று சபை தீர்மானித்தது. தேரடித் தெருவில் நடந்து போக ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது! வாக்கில்லாத மக்களின் பிரதிநிதிகள் இதைச் செய்தார்கள் என்றால், வாக்கோடு வந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார்கள் என்று நான் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு.

சரி, பட்டியலில் பெயர் இருந்த பன்னிரண்டரை லட்சம் பேரில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏன் வரவில்லை? இதற்கு நாட்டு நிலவரத்தைப் பார்க்க வேண்டும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். அந்த ரத்தம் காயாத நேரம். 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றது. வெள்ளையர் தரும் சட்டசபை வேண்டாம், வேட்பாளராக நிற்க வேண்டாம், வாக்களிக்கவும் வேண்டாம் என்றார்கள். சென்னையில் ராஜாஜி அந்தப் பக்கம் நின்றார். அன்றைக்கு காங்கிரஸில் இருந்த ஈரோட்டு ராமசாமி நாயக்கர் அந்தப் பக்கம். திரு.வி.க. அந்தப் பக்கம். அன்னி பெசன்ட் அம்மையார் ஒத்துழையாமையை எதிர்த்தார். சத்தியமூர்த்தி போன்றவர்களுக்குச் சட்டசபைக்குள் போய்ப் போராட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆக, காங்கிரஸுக்குள்ளேயே ஒரே மனம் இல்லை.

நீதிக்கட்சி என்ன நினைத்தது? 1916இல் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார் முதலியோர் தோற்றுவித்த இயக்கம். படிப்பிலும் உத்தியோகத்திலும் பிராமணரல்லாதார் பின்தங்கி நிற்பது ஏன் என்று கேட்டவர்கள். கதவு ஒரு சாண் திறந்தாலும் உள்ளே போவோம் என்பது அவர்கள் நிலை. பிராமணரல்லாதாருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று லண்டன் வரை போய் வாதாடினார்கள். அங்கேயே 1919 ஜூலையில் டி.எம். நாயர் காலமானார். அவர் இந்தத் தேர்தலைக் காணவில்லை. கடைசியில், இந்தக் கோரிக்கை மீது மெஸ்டன் பிரபு அளித்த தீர்ப்பின்படி பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன.

புறக்கணிப்பு சரியா, பங்கேற்பு சரியா? நூறு ஆண்டு கழித்து இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பஞ்சாபில் நடந்த கொடுமைக்குப் பிறகு அந்த ஆட்சியோடு கைகோக்க மாட்டோம் என்றவர்களின் நெஞ்சுரத்தை வணங்குகிறேன். அதே சமயம், அதிகாரத்தின் வாசலையே பார்த்திராத மக்களுக்கு, கிடைத்ததைப் பற்றிக்கொள்வது என்பது ஒரு நியாயமான வழி. ஆனால் ஒன்று. வாக்கைப் புறக்கணிக்கும் உரிமைகூட வாக்கு உள்ளவருக்குத்தான் உண்டு. பொன்னேரிப் படியாள் எதைப் புறக்கணிப்பான்?

தேர்தல் முடிந்தது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, தியாகராயரை அழைத்தார். அவர் பதவி வேண்டாம் என்றார். கட்சித் தலைவராக இருந்துகொண்டு சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டினார். 1920 டிசம்பர் 17இல் அமைச்சரவை பதவி ஏற்றது. சில மாதங்களில் ரெட்டியார் உடல்நலம் கெட்டு விலக, பனகல் அரசர் முதல் அமைச்சரானார். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் ஆளுநர் பக்கம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி முதலியவை அமைச்சர்கள் பக்கம். பணப்பெட்டி ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். இரட்டையாட்சி என்றார்கள். அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே 1921இல் வகுப்புவாரி உரிமைக்கான முதல் அரசாணையைக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை நம் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் அது போட்ட பாதை நீண்டு வருகிறது.

இன்னொன்றும் செய்தார்கள். அதைச் சொல்வதற்கு முன், உங்களைக் கொஞ்சம் கடல் கடந்து கூட்டிப்போகிறேன். நம் மாகாணம் வாக்களிப்பதற்குச் சரியாக 28 நாட்களுக்கு முன்பு, 1920 நவம்பர் 2இல், அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. ஹார்டிங் ஒரு பக்கம், காக்ஸ் ஒரு பக்கம். அந்தத் தேர்தலில் டென்னசி என்ற ஒரு மாநிலத்தை மட்டும் பாருங்கள்.

பெண்களுக்கு நாடு முழுதும் வாக்கு தரும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற 36 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 35 ஆகிவிட்டது. முப்பத்தாறாவதாக டென்னசியில் விவாதம். 1920 ஆகஸ்ட் 18. சட்டமன்றத்தில் இரு தரப்பும் சமபலம். ஹாரி பர்ன் என்று ஓர் இளைஞர், வயது 24, எதிர்ப்பவர்கள் அணியில் இருந்தவர். அவர் சட்டைப் பையில் தாயார் எழுதிய கடிதம் இருந்தது. பெண்களுக்கு வாக்களிக்க உதவு, நல்ல பிள்ளையாக நடந்துகொள் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். பெயர் கூப்பிட்டபோது பர்ன் ஆதரவாகச் சொன்னார். ஒரு பிள்ளையின் ஒரு வாக்கில் திருத்தம் நிறைவேறியது.

மூன்றே மாதத்தில் அந்த மாநிலத்துப் பெண்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்தார்கள். முடிவு? உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரிந்து நின்ற தென் மாநிலங்களில் ஒன்று டென்னசி. நாற்பது ஆண்டுகளாக அந்த மாநிலங்கள் அத்தனையும் ஜனநாயகக் கட்சிக்கே விழுந்துகொண்டிருந்தன. 1920இல் அந்த வரிசையை டென்னசி உடைத்தது. ஹார்டிங்கின் குடியரசுக் கட்சி அங்கே வென்றது. ஜனநாயகக் கட்சி ஆளுநரும் தோற்றார். பெண்கள் வாக்குதான் ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். போருக்குப் பிறகு நாடு முழுதும் மாற்றத்துக்காக ஏங்கிய நேரம் அது. ஆனால் பட்டியல் மாறிய ஆண்டிலேயே பழைய வழக்கமும் மாறியது என்பது வரலாறு. அதே தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, அடி உதை என்று சொல்லி வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடவில்லை என்பதும் வரலாறு. செங்கல்பட்டில் பட்டா, டென்னசிக்குத் தெற்கே தலைவரி. ஆயுதம் வேறு, அடிபட்டவர்கள் ஒரே வகை மக்கள்.

இப்போது சென்னைக்குத் திரும்புவோம். இங்கே பெண்கள் சும்மா இருந்தார்களா? இல்லை! 1917 டிசம்பரில் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு போய் வாக்குரிமை கேட்டது. அடையாற்றில் அதே ஆண்டு தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ் அதன் பின்னால் இருந்தார். சவுத்பரோ குழு முடியாது என்றது. கடைசியில் லண்டன் நாடாளுமன்றம், அந்தந்த மாகாண சபை விரும்பினால் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 1921 ஏப்ரல் 1ஆம் தேதி, வெறும் ஆண்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட, வெறும் ஆண்களே அமர்ந்திருந்த சென்னைச் சட்டசபை, பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்திய மாகாணங்களில் முதலாவது! நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். கூடி மூன்று மாதமே ஆன சபை அது.

சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. ஆகவே வாக்கு பெற்ற பெண்களும் மிகச் சிலர். ஆனால் கதவு திறந்தது. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய இதே சபைக்குப் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக வந்து, சபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் பெரிதானால் அரசியல் எப்படி மாறும் என்பதற்கு 1937ஐப் பாருங்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையைச் சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்காக்கியது. எழுத்தறியாதவர்களும் வாக்களிக்கும்படி கட்சிக்கு ஒரு வண்ணப் பெட்டி வைத்தார்கள். காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. ஊரெல்லாம் மஞ்சள் பெட்டி முழக்கம். கே.பி. சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்க வந்த கூட்டம் காங்கிரஸ் கூட்டமானது. 215 இடங்களில் 159 காங்கிரஸுக்கு. பொப்பிலி அரசர், முன்பு முதல் அமைச்சராக இருந்தவர், தம்முடைய பொப்பிலியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரி. பின்னாளில் 1969இல் இந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனாரே, அதே கிரி. ஒரு ஜமீன் தலைநகரத்தில் தொழிலாளர் தலைவர் ஜமீன்தாரை வெல்வதை 1920இன் பட்டியலை வைத்துக்கொண்டு நினைத்துப் பார்க்க முடியுமா?

பிறகு வந்தது சுதந்திரம். அம்பேத்கர் தலைமையில் எழுதிய அரசியல் சட்டம், நிலம் இருக்கிறதா, வரி கட்டினாயா, படித்தாயா, ஆணா பெண்ணா என்று ஒன்றையும் கேட்கவில்லை. வயது வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அப்போதும் வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் சேராமல் போயிற்று. காரணம் தெரியுமா? இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெயரில்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அது கடுமை போலத் தோன்றலாம். அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

வந்த உரிமை போகவும் செய்யும், தாய்மார்களே. பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1931இலேயே அங்கே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, ஆசியாவுக்கே முன்னோடி. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழ் மக்கள் 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போயிற்று. அடுத்த தேர்தலில் அந்த ஏழு இடமும் போயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு பட்டியலைத் திருத்தி எழுதினார்கள், அவ்வளவுதான்.

நான் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். தேர்தல் வந்தால் எங்களுக்கு வாக்குச்சாவடிப் பணி. முதல் அலுவலராக உட்கார்ந்தால், பட்டியலில் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து உரக்க வாசிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் முகவர்கள் தங்கள் பிரதியில் கோடு போடுவார்கள். பிறகுதான் விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து. ஒருமுறை, உச்சி வெயிலில் ஒரு பாட்டி வந்தார். உப்பளத்தில் வேலை செய்து தோல் கறுத்துக் காய்த்த கை. சுருக்குப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். படமும் சரி, பெயரும் சரி. பட்டியலில் அவர் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். துணைப் பட்டியலையும் பார்த்தேன். குடியிருந்த இடம் மாறியபோது பழைய பாகத்தில் நீக்கியிருக்கிறார்கள், புதிய பாகத்தில் சேர்க்கவில்லை.

“போன வாட்டி போட்டேனே சார், அட்டை இதோ இருக்குதே,” என்றார்.

அட்டை இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. அட்டையை மறுபடி பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்தார். “அப்போ நான் இந்த ஊர்க்காரி இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

1920இல் சட்டம் அவரை வெளியே நிறுத்தியிருக்கும். இன்று சட்டம் அவரை உள்ளே அழைக்கிறது. ஆனால் ஒரு வரி விடுபட்டதால் அவர் வெளியே நின்றார். நம் பகுதியில் இந்த ஆபத்து மற்ற ஊர்களைவிட அதிகம். ஏன்? இது இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்களின் பகுதி. அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று வேலைக்காக மதுரையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இங்கே உழைக்கிறார்கள்; வாக்கு ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறது. வாக்களிக்கும் நாளில் ரயிலில் போய்வரக் கூலி போகும். அவர்களில் எத்தனை பேர் தேர்தலன்று ஊருக்குப் போகிறார்கள்? 1920இல் படியாளுக்கு வாக்கில்லை என்று வருந்துகிற நாம், நம் தெருக்கோடியில் வாக்கின்றி வாழும் தொழிலாளியைப் பார்த்தும் பாராமல் போகலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே உங்கள் பெயரைச் சேர்க்கலாம். சொந்த வீடு வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமை உண்டு. இரண்டு இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் சேர்த்தால் மற்றோர் இடத்தில் நீக்கிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1ஆம் தேதி 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள். மாணவர்களே, பிறந்தநாள் தள்ளிப்போகிறது என்று ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நம் முன்னோருக்கு 21 வயது வேண்டியிருந்தது. 1989 முதல் 18 ஆகிவிட்டது.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் வாசலில் நூலகத் தோழர்கள் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். நம் பகுதியின் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக அங்கே இருக்கிறது. போகும்போது உங்கள் பெயரைத் தேடுங்கள். உங்கள் பெயரை மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் வயதானவர்களின் பெயரையும், உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் பெயரையும் தேடுங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. வீடு மாறியிருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும் படிவம் 8. இரண்டும் மேசையிலேயே இருக்கின்றன. நிரப்பத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். உங்களோடு வேலை செய்யும் வட மாநிலத் தோழர் ஒருவரை நாளைக்கு நூலகத்துக்குக் கூட்டி வாருங்கள். நூலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும்.